தசைக்குத் தள்ளத் தெரியாது

வவுனியா ஆஸ்பத்திரியில் பதினொரு கிழமை, எழுபத்தேழு நாள், படுத்துக் கிடந்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பயந்தேன், அழுதேன், எல்லாம் உண்மை. ஆனால் தன் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதே தெரியாமல் இருபத்தேழு வயதுவரை துள்ளித் திரிந்த ஒருவன், ஒவ்வொரு தசையாக அதைத் திரும்பப் பெற்றுக்கொண்ட கதை இது. இதைச் சோகமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

எங்கள் வீடு கிளிநொச்சிப் பக்கம், முரசுமோட்டையில். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து என் தகப்பன், ஐயா, வடமராட்சியிலிருந்து எங்களைக் கூட்டிவந்தார். வயல் வேலை முடிந்த பின்னேரங்களில் வாய்க்கால் கரையோரம் இரண்டு மரக்குற்றி நட்டு, வலை கட்டி, கரப்பந்து விளையாடுவோம். வலையோரம் எழும்பிப் பந்தை அடிக்கிறவன் நான். எனக்குப் பந்தைத் தூக்கித் தருகிறவன் மரியதாஸ். அவன் முல்லைத்தீவுக் கரையோரம் நாயாற்றில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, எங்கள் ஊர் நெல் ஆலைக்கு வேலைக்கு வந்தவன். ஆறு வருசமாக அவன் தூக்கினான், நான் அடித்தேன். பந்து நிலத்தில் விழுந்ததும் சனம் என்னைப் பார்த்துத்தான் கை தட்டும். அவன் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

அது அறுபதுகளின் தொடக்கம். காலபோக நெல் கதிர் விட்டு நின்ற நேரம், வவுனியாவில் ஒரு போட்டிக்கு லொறி பிடித்துப் போனோம். இரண்டு கிழமைக்கு முன் எனக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்து மாறியிருந்தது. கடைசி இரண்டு நாளாகக் கால் விரல்களில் எறும்பு ஊர்வது போல ஓர் உணர்வு. வயல் தண்ணீரில் கனநேரம் நின்றதால் வந்த விறைப்பு என்று நினைத்து, யோகத்திடம்கூடச் சொல்லவில்லை. யோகம் என் மனைவி. கலியாணம் கட்டி அப்போது ஒரு வருசமும் ஆகவில்லை.

முதல் ஆட்டத்திலேயே மரியதாஸ் எனக்குப் பிடித்த இடத்தில் ஒரு பந்தைத் தூக்கினான். நான் ஓடி வந்து எழும்பினேன். எழும்பினேன் என்று நினைத்தேன். பந்து என் கைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்று, சும்மா கீழே விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த பந்துக்கு ஓடி வருகையில் இடது காலின் பெருவிரல் மண்ணைக் கிளற, வலைக்குள்ளேயே விழுந்தேன்.

"எழும்படா சிவம்" என்றான் மரியதாஸ்.

"பொறு, எழும்புறன்."

எழும்பு என்று காலுக்குச் சொன்னேன். கால் பாதியைத்தான் கேட்டது. மரியதாஸ் குனிந்து என் முகத்தைப் பார்த்தான்.

"மச்சான், நீ ஓடி வாற சத்தம் பிழையாக் கேக்குது. பாதத்தைச் சொத்து சொத்தெண்டு போடுறாய். உனக்கு என்னவோ செய்யுது."

"ஒண்டுமில்லை. ஆட்டத்தை முடிப்பம்."

"ஆட்டத்தை அவங்களே வைச்சிருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவன் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு லொறிக்கு நடந்தான். ஆறு வருசத்தில் நாங்கள் பாதியில் விட்ட ஒரே போட்டி அதுதான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு சின்ன றப்பர்ச் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். சாதாரணமாக அப்படித் தட்டினால் கால் தன்பாட்டில் முன்னுக்குத் துள்ளும். என் கால் துள்ளவில்லை. குதிக்காலுக்குப் பின்னால் தட்டினார். அதுவும் துள்ளவில்லை. உயரமான, மெலிந்த மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நீர் எத்தினை நாளுக்கு முன்னம் காய்ச்சலாக் கிடந்தனீர்?" என்று கேட்டார். சொன்னேன். "ம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த "ம்" என்னைக் கொன்றுவிட்டது. பக்கத்துக் கட்டிலில் காளை மாடு இடித்துக் கால் முறிந்த கந்தையர் என்பவர் படுத்திருந்தார். அவர் தன் மகளிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது: "இளம்பிள்ளை வாதமாக்கும்." அந்தக் காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் தாய்மார் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார்கள். எங்கள் ஊரிலேயே அந்த நோயில் ஒரு கால் சூம்பிப்போன பிள்ளை இருந்தது.

அடுத்த நாள் காலை யோகம் ரயிலில் வந்து சேர்ந்தாள். ஒரு கையில் பன்பாய், மறு கையில் கஞ்சிச் சட்டி. என்னைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலருகே நின்று, "கால் நோகுதோ?" என்று கேட்டாள்.

"இல்லை. ஆனால் அசையுதில்லை."

"நோகாட்டில் நல்லது" என்றாள். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு முகத்தைத் துடைத்தாள். அவள் முதுகு குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

அன்று மத்தியானம் முதுகுத் தண்டு நீர் எடுத்தார்கள். முழங்கால் நாடியில் முட்டுமளவுக்கு என்னை இறால் போலச் சுருட்டிவைத்து, இடுப்புக்குப் பின்னால் நாரி எலும்புகள் இரண்டுக்கு இடையில் ஒரு நீளமான ஊசியை ஏற்றி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடுகிற நீரில் கொஞ்சம் எடுப்பார்கள். நான் அசையாமல் இருக்க என்னைப் பிடித்துக்கொண்டவர் பிலோமினா மிஸ்ஸி. எங்கள் ஊர்களில் தாதியரை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர், என்னைவிட இளையவர், ஆனால் குரலில் ஒரு பாடசாலை அதிபர் இருந்தார்.

"அசையாதீங்கோ."

"அசைய ஏலுமெண்டால் நான் ஏன் மிஸ்ஸி இஞ்ச கிடக்கிறன்?"

அவர் சிரித்துவிட்டார். ஊசி ஏறியதே எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

நீரின் முடிவு வரச் சில நாள் எடுத்தது. வந்ததும் டொக்டர் என் கட்டிலில் உட்கார்ந்து, யோகத்தையும் பக்கத்தில் நிற்கச் சொல்லி, ஆறுதலாக விளங்கப்படுத்தினார்.

"இது இளம்பிள்ளை வாதமில்லை. அது வந்தால் இந்த நீரில வெள்ளைக் கலங்கள் கூடியிருக்கும். உமக்கு அது கூடேல்லை, புரதம்தான் கூடியிருக்குது. மூளையிலயிருந்து தசைக்கு உத்தரவு போறது நரம்பு வழியா. அந்த நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கு, கறண்ட் வயருக்கு றப்பர் போட்ட மாதிரி. உம்மட உடம்பு காய்ச்சல் கிருமியோட சண்டை பிடிச்சுது. சண்டை முடிஞ்ச பிறகும் நிப்பாட்டத் தெரியாமல் அந்த உறையையும் சேர்த்துக் கடிச்சுப்போட்டுது. தசை பழுதில்லை. உத்தரவுதான் போய்ச் சேருதில்லை."

"அந்த உறை திரும்ப வளருமோ ஐயா?" என்று யோகம் கேட்டாள்.

"கனபேருக்கு வளரும். கிழமைக்கணக்கில, மாசக்கணக்கில. ஆனால் அதுக்கு முன்னம் ஒரு கண்டம் இருக்குது."

அந்தக் கண்டம் என்னவென்று எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நோய் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. முதல் நாள் பாதம், இரண்டாம் நாள் முழங்காலுக்கு மேலே துடை, நான்காம் நாள் கோப்பையைப் பிடிக்கக் கைக்கு ஏலாமல் போனது, ஐந்தாம் நாள் முகமும் போனது. உதடு மூடவில்லை, யோகம் பருக்கிய தண்ணீர் கடைவாயால் வழிந்தது. மூச்சு விடுவதும் தசையின் வேலைதான். விலா எலும்புகளுக்கு இடையிலும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலும் தசைகள் இருக்கின்றன. அவை விரிந்து சுருங்கினால்தான் காற்று உள்ளே போய் வரும். நோய் அதுவரை ஏறினால், மூச்சு விடுகிற மெசின் இருக்கும் கொழும்புக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரம் தாங்குமோ என்பது வேறு கதை.

அந்தத் தசைகளை அளக்க டொக்டர் வைத்திருந்த கருவி மிகவும் எளியது. ஆழமாக ஒரு மூச்சு எடுத்து, அதை விடாமல் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். எதுவரை போகிறது என்று காலை, மத்தியானம், பின்னேரம் மூன்று வேளையும் பார்ப்பார். வந்த அன்று நாற்பத்தொன்று எண்ணினேன். அடுத்தடுத்த நாட்களில் முப்பத்துமூன்று. இருபத்தாறு. இருபது.

"பதினஞ்சுக்குக் கீழ போனால் உம்மைக் கொழும்புக்கு அனுப்புவன்" என்றார் டொக்டர். அம்புலன்ஸ் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். என் கட்டிலிலிருந்து அதன் முன்பக்கம் தெரிந்தது.

மரியதாஸ் ஆலையில் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வாட்டின் விறாந்தையிலேயே இருந்தான். எண்ணுகிற நேரம் வந்தால் யன்னலுக்கு வெளியே வந்து நிற்பான். கந்தையர் கட்டிலில் எழும்பி உட்காருவார்.

ஏழாம் நாள் காலை பதினேழு. மத்தியானமும் பதினேழு. பின்னேரம் பதினாறு.

அன்றுதான் நான் உண்மையில் பயந்தேன். யோகம் என் காதுக்குள் கேட்டாள்: "முடிவில காத்து முடியுதோ, நாக்குக் களைக்குதோ?"

"ரெண்டும்."

"அப்ப நீங்கள் எண்ணேக்க நானும் மனசுக்குள்ள எண்ணுறன். தனியா எண்ணாதீங்கோ."

எட்டாம் நாள் காலை பதினாறு. மத்தியானம் பதினாறு. அன்று பின்னேரம் டொக்டர் வந்தபோது யன்னலில் மரியதாசின் தலை மட்டுமல்ல, கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய எங்கள் அணியின் தலைகள் எல்லாம் தெரிந்தன. ஆழமாக மூச்சை எடுத்தேன். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு. இன்னும் காற்று இருந்தது. பதினேழு. கண்ணால் யோகத்தைப் பார்த்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. பதினெட்டு. பத்தொன்பது.

"அடிச்சான்!" என்று யன்னலுக்கு வெளியே மரியதாஸ் கத்தினான். கந்தையர் முறிந்த காலை மறந்து கட்டிலில் துள்ளி, "ஐயோ" என்று அலறினார். மிஸ்ஸி எல்லோரையும் ஏசினார். டொக்டர் கொப்பியில் எழுதினார். வெளியே போகும் வழியில் அம்புலன்ஸ் சாரதியிடம், "இனி வண்டியை உள்ளுக்குக் கொண்டுபோய் விடும்" என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு நோய் ஏறவில்லை. இறங்கவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த நாட்கள்தான் நீளமானவை. பிலோமினா மிஸ்ஸி அவற்றைச் சும்மா விடவில்லை. அவர் முன்பு கொழும்பில் வாதம் வந்தவர்களின் வாட்டில் வேலை செய்தவர். பாதம் கீழே தொங்கினால் குதிக்கால் தசைநார் சுருங்கி, பிறகு நடக்க விடாது என்று கட்டில் காலடியில் ஒரு பலகையை நிறுத்தி, என் பாதங்களை அதில் முட்டவைத்தார். காலையும் மாலையும் ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்டினார். அதை யோகத்துக்கும் பழக்கினார். முதல் நாள் ஆம்பிளையள் வாட்டில், எல்லோரும் பார்க்க, என் காலைத் தொட யோகத்துக்கு வெட்கம். சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு செய்தாள். மூன்றாம் நாள் மிஸ்ஸியையே திருத்தினாள்: "அப்பிடியில்லை மிஸ்ஸி, இவருக்கு வலது முழங்கால் கொஞ்சம் இறுக்கம்."

முதலில் திரும்பி வந்தது சிரிப்பு. ஒரு நாள் கந்தையர் காலைச் சாப்பாட்டுக்குத் தனக்கு வந்த பாண் துண்டை மோந்து பார்த்து என்னவோ பகிடியாகச் சொன்னார். யோகம் சட்டென்று என் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"திரும்பச் செய்யுங்கோ!"

"என்னத்தை?"

"சிரிச்சீங்கள்! இந்தப் பக்கம் மேல போச்சு!"

அன்று முழுக்க வாட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எனக்குப் பகிடி சொல்லிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை சிரிக்கக்கூடியவையல்ல. நான் எல்லாவற்றுக்கும் சிரித்தேன்.

வந்ததுபோலவே, தலைகீழாக, நோய் மேலிருந்து கீழே வடிந்தது. முகம், தோள், முழங்கை, விரல். கை திரும்பிய நாட்களில்தான் மிஸ்ஸி எனக்கு உடம்பைப் படிப்பித்தார்.

"கையை நீட்டி என்ர உள்ளங்கையைத் தள்ளுங்கோ."

தள்ளினேன். பலமில்லை.

"இப்ப எந்தத் தசை உங்களுக்காகத் தள்ளுது?"

நான் கையின் முன்பக்கத்தைக் காட்டினேன். அவர் தலையாட்டி, என் மேற்கையின் பின்பக்கத்தைத் தொட்டார். அங்கேதான் துடித்தது.

"தசைக்குத் தள்ளத் தெரியாது அண்ணை. அதுக்கு இழுக்க மட்டுந்தான் தெரியும். முன்னுக்கு இருக்கிறது இழுத்தால் கை மடங்கும். பின்னுக்கு இருக்கிறது இழுத்தால் கை நீளும். நீங்கள் தள்ளுறதெண்டு நினைக்கிறதெல்லாம், பின்னால ஆரோ இழுக்கிறதுதான்."

"அப்ப நான் பந்துக்கு அடிச்ச அடி?"

"அதுவும் இழுவைதான்."

எனக்கு நம்ப முடியவில்லை. ஆறு வருசமாகப் பந்தை அடித்துத் தள்ளியவன் நான். அன்று பின்னேரம் டொக்டரிடம் இதைக் கேட்டேன். அவருக்குக் கண் விரிந்தது. என்னைச் சில்லுக் கட்டிலில் விறாந்தைக்கு உருட்டச் சொன்னார். முற்றத்தில் நின்ற மரியதாசைக் கூப்பிட்டார்.

"நீர்தானே இவரோட விளையாடுறனீர்? இவர் அடிக்கிற மாதிரி ஒருக்கா அடிச்சுக் காட்டும். ஆறுதலா, மெல்ல மெல்ல."

"ஐயா, நான் தூக்கிக் குடுக்கிறவன். அடிக்கிறேல்லை."

"இண்டைக்கு அடியும்."

மரியதாஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இல்லாத வலைக்கு முன்னால், இல்லாத பந்துக்கு ஓடி வந்தான். யன்னல்களெல்லாம் நோயாளிகளால் நிறைந்தன. டொக்டர் ஒரு பிரம்பால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். முழங்காலை மடக்கி நிற்கும்போது முன்துடையும் பின்தட்டும் நீண்டு, வில்லுப்போலப் பலத்தைச் சேர்த்துவைக்கின்றன. எழும்பும்போது முதலில் இடுப்பு நிமிரும், பிறகு முழங்கால், கடைசியாகக் கெண்டைச்சதை குதிக்காலை இழுத்து உயர்த்தும். ஒவ்வொன்றும் மற்றதற்குப் பின்னால், கண் இமைப்பதற்குள். மேலே போனதும் முதுகு பின்னால் வளைய, வயிற்றுத் தசை முன்னால் இழுக்கும். அந்த இழுவை நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து மேற்கையின் பின்பக்கத்துக்கு, கடைசியில் மணிக்கட்டுக்கு.

"கையில என்ன பலம் கிடக்குது? நிலத்தில கால் எடுத்த பலத்தைக் கை கொண்டுபோய்ப் பந்திட்டக் குடுக்குது, அவ்வளவுதான். ஒருத்தன் இழுக்கேக்க அவனுக்கு எதிர்ப்பக்கத்தில நிக்கிறவன் விட்டுக்குடுக்க வேணும். விட்டுக்குடுக்காட்டில் ரெண்டு பேரும் சேர்ந்து மூட்டைப் பூட்டிப்போடுவினம்."

"டேய், முழங்கையைத் தாழ்த்தாதை!" நான் கட்டிலிலிருந்து கத்தினேன். "நாரியைப் பின்னுக்கு வளை! அடுப்பூதுற மாதிரி நிக்கிறாய்!"

"நீ வந்து அடியன்ரா!"

"வாறன், பொறு!"

அந்த "வாறன்" என் வாயிலிருந்து யோசிக்காமல் வந்தது. சொன்ன பிறகுதான் விறாந்தையில் எல்லோரும் என் கால்களைப் பார்ப்பது தெரிந்தது. டொக்டர் என் காலடிக்கு வந்து, "பெருவிரலை மேல இழும்" என்றார். இழுத்தேன். ஒரு நெல்மணியளவுக்கு அது அசைந்தது.

அந்த நாட்களில் என் நெல் முற்றிச் சாயத் தொடங்கியிருந்தது. ஐயாவுக்குத் தனியே ஏலாது. யோகத்திடம் அதைப் பற்றிக் கேட்கப் பயந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அணி வாட்டுக்குள் வந்தது. மற்ற ஐந்து பேரும் வாசலில் நுழைந்த விதத்தைப் பார்த்து மிஸ்ஸி ஓடிவந்தார். ஒருவனுக்கும் நாரி நிமிரவில்லை. என் வயலை மூன்று நாளில் அரிவு வெட்டி, கதிர்க்கட்டுகளைச் சூட்டுப் போராக அடுக்கிவிட்டு வந்திருந்தார்கள்.

"நீங்களெல்லாம் நாளாந்தம் விளையாடுற ஆக்கள்தானே?" என்று மிஸ்ஸி கேட்டார்.

"அது எழும்புற நாரி மிஸ்ஸி," என்றான் மரியதாஸ், கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு. "இது குனியிற நாரி. ரெண்டும் வேற வேற ஆக்கள். இண்டைக்குத்தான் எனக்கு அறிமுகமாச்சு."

அவன் கடற்கரைக்காரன். கையில் அரிவாள் பிடித்தது அதுவே முதல் முறை. விரலில் இரண்டு வெட்டு. அவற்றுக்கு மிஸ்ஸி மருந்து கட்டியபோது அவர்கள் இருவரும் முல்லைத்தீவு மீனைப் பற்றி வெகு நேரம் கதைத்தார்கள். அந்தக் கதை பிறகு எங்கே போனது என்பதை அவர்கள்தான் எழுத வேண்டும். இப்போது அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

ஏழாம் கிழமை என்னை நிற்க வைத்தார்கள். நிற்பது என்பது ஒரு வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. முழங்கால் நடுங்கியது. விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் இருந்த எல்லாத் தசையையும் ஒரேயடியாக இறுக்கினேன். கால் மரக்கட்டையானது, அசையவே முடியவில்லை.

"எல்லாரையும் ஒண்டாக் கூப்பிடாதீங்கோ" என்றார் மிஸ்ஸி. "ஆறு பேரும் ஒரே பந்துக்கு ஓடினால் என்ன நடக்கும்?"

"மண்டை இடிபடும்."

"அப்ப முறை முறையாக் கூப்பிடுங்கோ. முன்துடை, நீ இழு. பின்துடை, நீ விடு. இப்ப மாறு."

கமுகந்தடியால் மரியதாஸ் கட்டித் தந்த இரண்டு கைபிடிகளுக்கு நடுவே, நான் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி நடந்தேன். இழு. விடு. மாறு. பத்து அடி நடக்க வியர்வையில் என் சேட்டு நனைந்துவிடும். வாட்டில் இருந்தவர்களுக்கு அந்தப் பாட்டு பாடமாகிவிட்டது. கந்தையர் ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போன அன்று, "இழு, விடு, மாறு" என்று சொல்லிக்கொண்டே வாசலைக் கடந்தார்.

விறாந்தைக்கு ஐந்து படி. ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன், ஏறிவிட்டேன். இறங்கும்போதுதான் கால் மடங்கிப் போய் யோகத்தின் மேல் விழுந்தேன். இறங்குகையில் முன்துடை இழுத்துக்கொண்டே நீள வேண்டும், கிணற்றுக் கயிற்றை மெல்ல மெல்ல விட்டு வாளியை இறக்குவது போல. சும்மா இழுப்பதைவிட அது கடினம். எழும்பி அடித்த பிறகு நிலத்தில் வந்து நிற்கிறோமே, அதை ஆறு வருசமாக இந்தத் தசைகள் ஒரு நன்றியும் கேட்காமல் செய்துவந்திருக்கின்றன. பத்து நாள் பழகித்தான் ஐந்து படியையும் ஒன்றையும் பிடிக்காமல் இறங்கினேன்.

பதினோராம் கிழமை முடிவில் டொக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டினார். "இனி வீட்டில போய் நடவும். ஓட்டம், எழும்புறதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். அது தானா வரும், வராமலும் விடும். நான் பொய் சொல்லமாட்டன்."

வாட்டில் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வர நேரம் போய்விட்டது. நாங்கள் ஸ்டேசனுக்கு வந்து சேர்ந்தபோது யாழ்ப்பாணம் போகிற வண்டி விசில் ஊதிவிட்டது. யோகம் பாயையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். கடைசிப் பெட்டியின் வாசலில் சாமான்களை எறிந்து, கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாள். வண்டி அசையத் தொடங்கியது. திரும்பி என்னைப் பார்த்த அவள் முகம் எனக்கு இன்னும் தெரிகிறது.

"இஞ்சருங்கோ! நில்லுங்கோ! நான் இறங்கிறன்!"

எனக்கு அவள் இறங்கிவிடக்கூடாது என்பது மட்டும்தான் தெரிந்தது. பிறகு என் கை கம்பியில் இருந்தது. யாரோ என் சேட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். பெட்டியின் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். யோகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஓடினீங்கள்."

"ஆர்?"

"நீங்கள்தான்! அந்தத் தூணிலயிருந்து இஞ்ச வரைக்கும்!"

நான் என் கால்களைப் பார்த்தேன். இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. இழு என்று நான் சொல்லவில்லை. விடு என்றும் சொல்லவில்லை. எந்தத் தசை முதலில் வந்தது, எது விட்டுக்கொடுத்தது, எனக்கு ஒன்றும் தெரியாது. அவை தங்களுக்குள் பேசி முடித்துவிட்டன. ஓட்டமென்று அதைச் சொல்வது கொஞ்சம் மிகைதான். பார்த்தவர்களுக்கு ஒரு கொக்கு தடுக்கித் தடுக்கி வந்தது போலத்தான் இருந்திருக்கும். ஆனால் இரண்டு காலும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டிருந்தன. அதை யோகம் கண்ணால் கண்டிருக்கிறாள்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பெட்டியில் இருந்தவர்கள் எங்களுக்கு ஏதோ சாவு வீடு என்று நினைத்து இடம் விட்டுக் கொடுத்தார்கள். அதைக் கண்டு எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"அடுத்த ஸ்டேசன் ஓமந்தையில வண்டி நிக்கேக்க இறங்கி இன்னொருக்கா ஓடிக் காட்டட்டோ?"

"விசரே உங்களுக்கு? டொக்டர் என்ன சொன்னவர்? பேசாமல் இருங்கோ!"

பேசாமல் இருந்தேன். வெளியே அறுவடை முடிந்த வயல்கள் பின்னால் போயின. ஓமந்தையில் வண்டி நின்றது. யோகம்தான் முதலில் எழும்பினாள். வாசலுக்குப் போய், தலையை வெளியே நீட்டி, மேடை எவ்வளவு நீளம் என்று பார்த்தாள்.